பதினெட்டுப் பேர், மூன்று வாரம், கியோட்டோ: ஊரோடு ஒட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கல்லூரியிலிருந்து 18 மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். ஜூன் மாதம் மூன்று வாரம் ஜப்பானில் கியோட்டோ. முதல் இரண்டு வாரம் மாணவர் விடுதி, கடைசி வாரம் ஜப்பானியக் குடும்பங்களின் வீடுகள். கோயில் பார்த்தோம், படம் எடுத்தோம் என்று திரும்பாமல், அந்த ஊர்க்காரர்கள் வாழ்கிற மாதிரி கொஞ்சமாவது வாழ்ந்துவிட்டு வர வேண்டும். அதற்குப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு முறை மாணவர் குழுவோடு அங்கே போய்வந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். மொழி தெரியாதது நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தடை இல்லை. சாப்பாடு கொஞ்சம் தடைதான், அதற்கு வழி இருக்கிறது. பெரிய தடை அந்தப் பதினெட்டு.

முதல் பயணத்தில் இரண்டாம் நாள் ராத்திரி. நல்ல மழை. பன்னிரண்டு பேர் ஒரு குறுகலான சந்தில் சாப்பிட இடம் தேடிப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு நூடுல்ஸ் கடை. வாசலில் துணித்திரை, உள்ளே மஞ்சள் விளக்கு. நான்தான் கதவைத் தள்ளினேன். உள்ளே ஒரே ஒரு நீள மேசை, எட்டு முக்காலி, அதில் மூன்றில் ஆள். அடுப்புக்குப் பின்னால் நின்ற பெரியவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நனைந்தபடி வரிசையாக நிற்கிற தலைகள். இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினார். முடியாது என்று அர்த்தம். "வெளிநாட்டுக்காரங்களைப் பிடிக்காது போல சார்" என்றான் ஒரு மாணவன். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் மத்தியானம் எங்கள் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் தாங்களாகவே அதே கடைக்குப் போயிருக்கிறார்கள். அவர் தண்ணீர் வைத்து, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு விளக்கி, கிளம்பும்போது ஒரு பழைய குடையையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எட்டு முக்காலிக் கடைக்குப் பன்னிரண்டு பேராகப் போய் நின்றது எங்கள் தப்பு.

கூட்டமாகப் போனால் நம் மொழியில், நம் சத்தத்தில், நம் கேலிகளோடு ஒரு சின்ன ஊரையே கூடவே தூக்கிக்கொண்டு போகிறோம். முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்து நடப்பதால் தெரு கண்ணில் படுவதில்லை. வழி கேட்கவும் வேண்டியதில்லை, யாருக்காவது தெரிந்திருக்கும். மூன்று வாரம் முடிந்து வரும்போது பதினெட்டுப் பேரும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்துகொண்டிருப்பார்கள், கியோட்டோவை அல்ல.

இதற்கு மருந்து ஜப்பானிலேயே இருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் 'ஷூகாகு ரியோகோ' என்று ஒரு பயணம் போவார்கள். படிப்புப் பயணம் என்று சொல்லலாம். 1886இல் டோக்கியோவின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிபாவின் சோஷி பக்கம் நடைப்பயணம் போனதைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று அநேகமாக எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. கியோட்டோவும் நாராவும் இதற்குப் பேர்போன இடங்கள். மே, ஜூன் மாதங்களில் கியோட்டோவில் எங்கே திரும்பினாலும் சீருடைப் பிள்ளைகள் தென்படுவார்கள். ஆனால் உற்றுப் பாருங்கள்: இருநூறு பேர் வந்த பள்ளியாக இருந்தாலும் தெருவில் நான்கைந்து பேராகத்தான் திரிவார்கள். அந்தச் சிறு குழுவுக்கு 'ஹான்' என்று பெயர். அதன் தலைவர் 'ஹான்ச்சோ'. ஆங்கிலத்தில் பெரிய ஆளைக் கிண்டலாக 'ஹெட் ஹான்ச்சோ' என்பார்களே, அந்தச் சொல் இங்கிருந்து போனதுதான். எங்கே போவது, எந்தப் பேருந்து, எங்கே சாப்பாடு என்பதை அந்த ஹானே முன்கூட்டி உட்கார்ந்து முடிவு செய்து, 'ஷியோரி' என்கிற சின்னக் கையேட்டில் எழுதி வைத்திருக்கும். ஆசிரியர்கள் நகரத்தில் இரண்டு மூன்று இடங்களில் நிற்பார்கள். பிள்ளைகள் குறித்த நேரத்தில் அந்த இடத்துக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டை ஆறு மூன்றாகப் பிரியுங்கள். மூன்று ஏன் என்றால், இரண்டு பேர் என்றால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு போய்விடுவார்கள். நான்கு பேர் என்றால் முக்காலிக் கடையில் இடம் கிடைக்காது. அறைத்தோழர்களை ஒரே ஹானில் போடாதீர்கள். நெருங்கிய நண்பர்களையும் பிரித்துவிடுங்கள். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை. ஹான்ச்சோ தினம் மாற வேண்டும். இல்லாவிட்டால் துடிப்பான ஒருத்தர் பேசுவார், மற்ற இருவர் பின்னால் நடப்பார்கள். ஒரு வாரம் கழித்துக் குழுக்களைக் கலைத்துப் போடுங்கள். காலை வகுப்போ நிகழ்ச்சியோ சேர்ந்து இருக்கலாம். மத்தியானத்துக்கு மேல் ஹான் ஹானாகத்தான். சாயங்காலம் ஒரு நேரம் வைத்து விடுதியில் கூட வேண்டும். ஆறு மணி என்றால் ஐந்து ஐம்பத்தைந்துக்கு எல்லோரும் இருக்க வேண்டும். நேரத்துக்கு வருவது என்றால் அங்கே கொஞ்சம் முன்னால் வருவது என்றுதான் அர்த்தம்.

சரி, ஹானாகப் பிரித்தாயிற்று, என்ன செய்யச் சொல்வது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஹானைக் கோயில் பார்க்க அனுப்பாதீர்கள், வேலைக்கு அனுப்புங்கள். அஞ்சலகத்தில் தபால்தலை வாங்கி ஒரு அட்டையை வீட்டுக்குப் போட்டுவிட்டு வா. ரயில் நிலையத்தில் 'இக்கோகா' என்கிற பயணக் கட்டண அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு வா. குறிப்பிட்ட ஒரு கோவிலுக்குப் போகும் வழியை, கைபேசியைத் தொடாமல், முனையில் இருக்கிற 'கோபன்' என்கிற காவல் சாவடியில் கேட்டு வா. நாணயம் போட்டுத் துவைக்கிற கடையில் எல்லோருடைய துணியையும் துவைத்து உலர்த்திக்கொண்டு வா. ஜூனில் கியோட்டோவில் 'ட்ஸுயு' என்கிற மழைக்காலம் தொடங்கிவிடும், துணி அறையில் காயாது. ஆகவே இந்தக் கடைசி வேலை மட்டும் விளையாட்டில்லை.

வேலைகளில் எனக்குப் பிடித்தது குப்பை. சிரிக்காதீர்கள். ஜப்பானில் தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் இருந்த தொட்டிகள் ஏராளமாக எடுக்கப்பட்டுவிட்டன. உறையோ காலிப் பாட்டிலோ உங்கள் பையில்தான் இருக்கும், விடுதி வரைக்கும். விடுதிக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும். கியோட்டோ நகராட்சி 2006 அக்டோபரிலிருந்து குப்பைக்கென்று விலைக்கு விற்கிற பைகளை வைத்திருக்கிறது: எரிக்கிற குப்பைக்கு மஞ்சள் பை, மறுசுழற்சிக்குப் போகிறவற்றுக்கு உள்ளே இருப்பது தெரிகிற நிறமற்ற பை. 45 லிட்டர் மஞ்சள் பை ஒன்று 45 யென். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு அட்டவணை உண்டு. காலை எட்டு மணிக்குள் வைத்து, காக்கை கிளறாதபடி வலையால் மூடிவிட வேண்டும்.

எங்கள் மாணவன் ஒருவன் தப்பான கிழமையில் பையை வைத்துவிட்டான். வண்டி வந்து மற்றவற்றை எடுத்துக்கொண்டு போயிற்று. அவன் பை மட்டும் மேலே ஒரு எச்சரிக்கைச் சீட்டோடு நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டினார். திட்டவில்லை. அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அட்டவணையைக் காட்டி, கிழமைகளை விரல்விட்டு எண்ணிச் சொல்லிக் கொடுத்தார். ஜப்பானிய மொழியில் கிழமைப் பெயர்களை எங்கள் குழுவில் முதலில் கற்றுக்கொண்டவன் அவன்தான். அதற்குப் பிறகு தினமும் காலையில் பாட்டி தெருவைக் கூட்டும்போது இவன் தலைகுனிந்து வணக்கம் சொல்வான், அவர் ஏதோ பருவநிலை பற்றிச் சொல்வார், இவன் "ஹாய், ஹாய்" என்பான், ஆமாம் ஆமாம் என்று அர்த்தம். ஒரு கோயில் வாசலில் நூறு படம் எடுத்தவர்களுக்கு இந்த மாதிரி ஒரு ஆள் கிடைக்கவில்லை.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. ரயிலிலும் பேருந்திலும் கைபேசியில் பேசக் கூடாது. மணியை அணைத்து வைக்க வேண்டும். கூடவரும் ஆளோடு தாழ்ந்த குரலில் பேசலாம். தாழ்ந்த குரல் என்பதற்கு உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த ஊருக்கும் வேறு வேறு அளவு. விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு வகுப்பறையில் எல்லோரையும் பத்து நிமிடம் அந்த அளவில் பேசிப் பழகச் சொல்லுங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் உதவும். விடுதியில் பத்து மணிக்கு மேல் தாழ்வாரத்தில் நின்று பேசுவதும் இதில் சேர்த்தி. சுவர்கள் மெல்லியவை. புகார் நேராக உங்களிடம் வராது. விடுதி மேலாளரிடம் போய், அவர் ரொம்பப் பணிவாக, "நேற்று மாணவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் போலிருக்கிறது" என்பார். அது பாராட்டு இல்லை.

பேருந்து கியோட்டோவில் ஒரு தனிக் கதை. ஊர்க்காரர்கள் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகிற வண்டியில் சுற்றுலாக் கூட்டம் ஏறி அவர்களுக்கு இடமில்லாமல் போவது அங்கே நெடுநாள் குறை. பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் அட்டையை நகராட்சி 2024 மார்ச்சோடு நிறுத்திவிட்டதற்கும் அதுதான் காரணம். கூட்டத்தைச் சுரங்க ரயில் பக்கம் தள்ளப் பார்க்கிறார்கள். இப்போது இருப்பது பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்து 1,100 யென் அட்டை. தனியாக ஏறினால் நகர எல்லைக்குள் ஒரே கட்டணம், 230 யென். பெரும்பாலான நகரப் பேருந்துகளில் பின்கதவில் ஏறி, முன்கதவில் இறங்கும்போது காசு கொடுக்க வேண்டும். முதுகுப்பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பதினெட்டுப் பேரும் ஒரே வண்டியில் ஏறவே கூடாது என்பதை விதியாகவே வையுங்கள். மூன்று பேர் ஏறினால் யாருக்கும் தெரியாது.

கியோன் பகுதிக்குப் போகும்போது இன்னொன்று. அங்கே சில சந்துகள் தனியாருக்குச் சொந்தமானவை. பாட்டும் நடனமுமாக விருந்தினரை மகிழ்விக்கிற பெண் கலைஞர்களான கெய்ஷாக்களையும் அவர்களிடம் பயிலும் மைக்கோக்களையும் துரத்திப் படம் எடுக்கிற தொல்லை தாங்காமல், 2024இல் அந்தச் சந்துகளில் நுழையத் தடை என்றும் மீறினால் 10,000 யென் என்றும் பலகை வைத்துவிட்டார்கள். பொதுத்தெருவில் நடக்கலாம். ஆனால் வேலைக்கு விரைந்து போகிற ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவது எந்தத் தெருவிலும் அநாகரிகம்தான்.

மொழிக்கு வருவோம். மூன்று மாதம் இருக்கிறது என்றால் இலக்கணப் புத்தகம் வேண்டாம், எழுத்து போதும். ஜப்பானிய மொழியை ஒலிப்படி எழுதுகிற ஹிரகானா, கதகானா இரண்டிலும் அடிப்படை எழுத்து 46, 46. நம் பிள்ளைகளுக்கு இது சுலபம். உயிர் வரிசையே அ, இ, உ, எ, ஒ என்று வரும், பிறகு க, கி, கு, கெ, கொ. இந்திய எழுத்துமுறையைப் படித்த பௌத்தத் துறவிகளின் செல்வாக்கில் அமைந்த வரிசை அது. கதகானா தெரிந்தால் கடைப்பட்டியலில் பாதி புரிந்துவிடும், ஏனென்றால் வெளிநாட்டுச் சொல்லெல்லாம் அதில்தான் எழுதுவார்கள். வாக்கிய அமைப்பும் நம்முடையது மாதிரியே: வினைச்சொல் கடைசியில். என் கையில் இருப்பது 'கொரே', உங்கள் கையில் இருப்பது 'சொரே', தள்ளி இருப்பது 'அரே', எது என்றால் 'தொரே'. இது, உது, அது, எது. யாழ்ப்பாணத்தில் இன்னும் புழங்குகிற 'உது'வைத் தெரிந்தவர்களுக்கு இந்த நாலும் ஒரே நாளில் பிடிபடும்.

பேசுவதற்கு ஒரே ஒரு சொல் என்றால் 'சுமிமாசென்'. மன்னிக்கவும், கொஞ்சம் கேளுங்கள், வழி விடுங்கள், சிரமம் கொடுத்துவிட்டேன், நன்றி எல்லாம் அதிலேயே அடங்கும். புரிந்துகொள்வதற்கு ஒரே ஒரு சொல் என்றால் 'ச்சொத்தோ'. அதற்குப் பொருள் 'கொஞ்சம்'. நீங்கள் ஏதோ கேட்கிறீர்கள், எதிரே இருப்பவர் தலையைச் சாய்த்து, மூச்சை உள்ளே இழுத்து, "ச்சொத்தோ..." என்று இழுக்கிறார். பதில் வந்துவிட்டது. முடியாது என்பதுதான் அது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் அந்தக் 'கொஞ்ச'த்தைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம்தானே, பரவாயில்லை, காத்திருக்கிறோம்" என்று நின்றிருக்கிறார்கள். அப்படி நிற்கிறவர்களை வைத்துக்கொண்டு அவர் என்னதான் செய்வார், பாவம்.

சாப்பாடு. குழுவில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். ஜப்பானில் கறியும் மீனும் கண்ணுக்குத் தெரிகிற இடங்களில் பிரச்சினை இல்லை. பிரச்சினை 'தாஷி'. சூப்புக்கும் குழம்புக்கும் அடித்தளமாக இருக்கிற சாறு அது. பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுப்பது. மிசோ சூப், நூடுல்ஸ் சாறு, வேகவைத்த காய்கறி, முட்டைத் தோசை மாதிரி சுருட்டுவார்களே அது, எல்லாவற்றிலும் இருக்கும். "நான் வெஜிடேரியன்" என்றால் கறியை எடுத்துவிட்டு அதே சாற்றில் கொண்டுவந்து வைப்பார்கள். ஏமாற்றவில்லை, அவர்கள் கணக்கில் அது காய்கறி உணவுதான். ஆகவே "கறி, மீன், மீன் தாஷி மூன்றும் சாப்பிட மாட்டேன்" என்று ஜப்பானிய மொழியில் ஒரு அட்டை அச்சடித்து ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். முட்டையும் பாலும் ஆகுமா ஆகாதா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். கடற்பாசியில் எடுத்த தாஷியும் உண்டு, அது கேட்டால் கிடைக்கும். கியோட்டோ இந்த விஷயத்தில் அதிர்ஷ்டமான ஊர்: புத்தக் கோயில்களின் 'ஷோஜின் ரியோரி' முழுச் சைவம், 'டோஃபு' என்கிற சோயாக் கட்டியும் 'யுபா' என்கிற சோயாப் பாலாடையும் அங்கே பேர்போனவை. ஆனால் ஷோஜின் ரியோரி தினம் சாப்பிடுகிற விலையில் இருக்காது. விடுதியில் சமையலறை இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டை ஹான் முறைவைத்துச் சமைக்கட்டும். வீட்டு உணவு ஏங்கியே ஊரை வெறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகத் தினமும் நம்மூர் உணவகத்தைத் தேடி ஓடுவதும் வேண்டாம்.

எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் வாக்கில் ஒரு சரிவு வரும். நான்கு பயணத்திலும் வந்தது. அதுவரை எல்லாமே அழகு. திடீரென்று மழை எரிச்சல், குனிந்து குனிந்து வணங்குவது போலித்தனம், "இவங்க மனசுல என்ன இருக்குன்னே தெரியல" என்று பேச்சு. 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வேக்காரர், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய நார்வே நாட்டவர் சுமார் 200 பேரை ஆராய்ந்து, முதலில் உற்சாகம், நடுவில் தாழ்வு, பிறகு ஏற்றம் என்று ஒரு வளைவை எழுதினார். அவர் கணக்கில் அந்தத் தாழ்வு ஆறு முதல் பதினெட்டு மாதம் வரை தங்கியவர்களுக்கு. மூன்று வாரக் குழுவுக்கு அந்த வளைவு பொருந்தாது. உங்களுடையது வெறும் களைப்பு. தினமும் பதினான்கு மணி நேரம் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டிருந்த களைப்பு. ஆகவே ஒன்பதாம் நாளை வெறுமையாக விடுங்கள். நிகழ்ச்சி கிடையாது, அறிக்கை கிடையாது, தூங்குகிறவர் தூங்கட்டும். கமோ ஆற்றங்கரையில் தனியாகப் போய் உட்காருகிறவர் உட்காரட்டும். அந்த ஊர்க்காரர்களும் அங்கே அதைத்தான் செய்கிறார்கள்.

இனி கடைசி வாரம். வீடுகளில் தங்குவதற்கு ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று கேளுங்கள். இருவரைச் சேர்த்து அனுப்பினால் பாதுகாப்பாக இருக்கும் என்று பெற்றோர் சொல்வார்கள். இரண்டு பேரும் அறைக்குள் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். ரொம்பக் கூச்சப்படுகிற பிள்ளையைச் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அனுப்புங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு இலக்கணம் பற்றிக் கவலை இல்லை.

வாசலில் 'கென்கான்' என்று தாழ்வான ஒரு இடம் இருக்கும். செருப்பை அங்கே கழற்றி, முனை வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். உள்ளே போட்டுக்கொள்ள வீட்டுச் செருப்பு தருவார்கள். கோரைப்பாய் விரித்த அறைக்குள் அதுவும் கூடாது. கழிப்பறைக்கு வேறு செருப்பு, அதைப் போட்டபடியே கூடத்துக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரு முறையாவது வந்துவிடுவார்கள், அந்த வீட்டுக்கே சிரிப்பு வரும். கழிப்பறையில் இருக்கிற பொத்தான்களை அவசரத்துக்கு முன் நிதானமாக ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

குளியல்தான் பாடம். தொட்டி குளிப்பதற்கு இல்லை, குளித்த பிறகு ஊறுவதற்கு. தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை ஒரு துளி இல்லாமல் கழுவிவிட்டு, அப்புறம்தான் உள்ளே இறங்க வேண்டும். அதே வெந்நீரில் வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஊறுவார்கள். விருந்தாளிக்குப் பெரும்பாலும் முதல் மரியாதை. எங்கள் மாணவி ஒருத்தி முதல் நாள் அந்த மரியாதையை ஏற்று, நன்றாக ஊறிவிட்டு, அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டுப் போவது நாகரிகமில்லை என்று அடைப்பைப் பிடுங்கிவிட்டாள். இருநூறு லிட்டர் வெந்நீர் போயிற்று. வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தாராம். வீட்டம்மா "தைஜோபு, தைஜோபு" என்று சிரித்தார்; பரவாயில்லை என்று அர்த்தம். மறுநாள் குளியலறைக் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது: தொட்டி, அடைப்பு, பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு பெருக்கல் குறி. இது போன்ற தப்புகளுக்குப் பயப்பட வேண்டாம். தப்பு செய்தது தெரிந்தபிறகு ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பதுதான் அவர்களைச் சங்கடப்படுத்தும்.

வீடுகளில் வரும் உண்மையான மனக்கசப்பு வேறு இடத்தில். "ஏழு மணிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டு, நண்பர்களோடு சுற்றி, எட்டரைக்கு வருவது. அந்த வீட்டில் யாரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்கள், ஒன்றும் சொல்லவும் மாட்டார்கள். பத்து நிமிடம் தாமதம் என்றாலும் செய்தி அனுப்ப வேண்டும். ஜப்பானில் எல்லோரும் வைத்திருப்பது 'லைன்' என்ற செயலி. கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளட்டும். கிளம்பும்போது 'இத்தேகிமாஸ்', திரும்பும்போது 'ததைமா', சாப்பிடும் முன் 'இததகிமாஸ்', முடித்ததும் 'கொச்சிசோசாமா'. இந்த நாலையும் முதல் நாளிலிருந்தே சொல்லச் சொல்லுங்கள். சாப்பிடுகிற குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் மட்டும் கூடாது. இரண்டும் சாவுச் சடங்கை நினைவூட்டுபவை, பின்னது எரித்தபின் எலும்பு பொறுக்கும் முறை. பரிசு சின்னதாக இருக்கட்டும். விலை கூடிய பரிசு கொடுத்தால் பதிலுக்கு என்ன கொடுப்பது என்று அவர்களுக்குத் தலைவலி.

சட்ட விஷயங்களைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். குறுகிய காலத்துக்கு வரும் வெளிநாட்டவர் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும், நகல் போதாது. 2022 ஏப்ரலிலிருந்து 18 வயது ஆனவர் அங்கே மேஜர், ஆனால் குடிக்கவும் புகைக்கவும் 20 ஆக வேண்டும். சளிக்கான மாத்திரைகளைப் பாருங்கள்: சூடோஎபெட்ரின் 10 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது, கோடீன் கலந்தவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. கவனக்குறைபாட்டுக்காகச் சிலர் எடுக்கும் ஆம்பெட்டமைன் கலந்த மருந்துகளுக்கு முழுத் தடை. சீட்டில் எழுதிய மற்ற மருந்துகள் ஒரு மாத அளவுக்கு மேல் என்றால் முன்அனுமதி வாங்க வேண்டும். காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. நிலநடுக்க எச்சரிக்கை எல்லாக் கைபேசியிலும் ஒரே நேரத்தில் அலறும்; பதினெட்டுப் பேரும் அதைக் கேட்டு மாடிப்படியில் ஓடுவதுதான் ஆபத்து. மேசைக்கடியில் போக வேண்டும், ஆடி முடிந்த பின் வெளியே வர வேண்டும். 2018 ஜூன் 18 காலையில் ஒசாகாவின் வடபகுதியில் நிலநடுக்கம் வந்தபோது சுற்றுவட்டார ரயில்கள் நின்றுபோயின. அப்படி ஒரு நாளில் ஹான்கள் ஊரெங்கும் சிதறிக் கிடந்தால் எங்கே கூடுவது? விடுதிக்குப் பக்கத்தில் வெளியேற்ற இடம் எது என்று கேட்டு, முதல் நாளே எல்லோரையும் அங்கே நடத்திக் காட்டிவிடுங்கள். அநேகமாக ஒரு பள்ளிக்கூடமாக இருக்கும்.

விடுதியிலிருந்து வீடுகளுக்கு மாறும் நாளில் பெரிய பெட்டிகளோடு பேருந்தில் ஏறாதீர்கள். 'தக்குஹைபின்' என்கிற வீட்டுக்கு வீடு பொதி சேவை ஜப்பான் முழுக்க உண்டு, மூலைக்கடையிலேயே கொடுக்கலாம். விமான நிலையத்துக்கும் அனுப்பலாம், இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். உடைந்த பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு வராதீர்கள்; பெரிய குப்பைக்கு அங்கே தனிக் கட்டணம்.

கடைசியில் குடும்பங்களுக்குக் கல்லூரி சார்பில் ஒரு நன்றிச் சான்றிதழ் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுங்கள், தப்பில்லை. முதல் வருஷம் நானும் முத்திரையெல்லாம் குத்தி அனுப்பினேன். அடுத்த வருஷம் போனபோது எந்த வீட்டிலும் அது கண்ணில் படவில்லை. தொட்டி அடைப்பைப் பிடுங்கிய அந்தப் பெண் ஊருக்கு வந்தபின் ஹிரகானாவில் நாலு வரி எழுதி அனுப்பியிருந்தாள். அது மட்டும் அந்த வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. அதில் இருந்த எழுத்துப்பிழை ஒன்றை யாரோ பென்சிலால் திருத்தியிருந்தார்கள்.